மைக் ஒயரின் நுனியில்

கோவில் கொடை, சர்ச் திருவிழா, தவக்காலத்தில் தெற்கன் குரிசுமலை யாத்திரை என்று எல்லையோரப் பனச்சமூடு, வெள்ளறடை பக்கத்தில் மைக் செட்டுக்கு வேலை நிறைய. பேச்சின் நடுவே ‘கொர்ர்’ என்று இரைந்தால் எல்லோரும் மைக்கைத்தான் தட்டிப் பார்ப்பார்கள். கோளாறு பெரும்பாலும் பிளக்குக்குள், விட்டுப்போன ஈயப் பற்றில் இருக்கும். அதை வீட்டிலேயே சரிசெய்யலாம். புது ஒயரே செய்துகொள்ளலாம்.

மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட். பக்கத்திலேயே சீரியல் விளக்குக்கு 230 வோல்ட் ஓடுகிறது. அதன் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் மைக் ஒயரிலும் தொற்றும். அதற்காகத்தான் உள்ளே முறுக்கிய இரண்டு கம்பிகள், அவற்றைச் சுற்றி ஒரு செம்பு வலை. வலையை மீறி நுழையும் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஏறக்குறைய ஒரே அளவில் ஏறும். குரலோ ஒன்றில் நேராகவும் மற்றதில் தலைகீழாகவும் போகிறது. மிக்சர் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்வதால் இரைச்சல் கழிந்துபோகும், குரல் நிற்கும். வெறும் கழித்தல் கணக்கு இவ்வளவு பெரிய வேலை செய்வது எனக்கு இன்றும் வியப்புதான்.

மூன்று முனை பிளக்கைத் தொழிலில் ‘கேனன்’ என்பார்கள். அது அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் பெயர். 1-இல் வலை, 2, 3-இல் கம்பிகள். ஆண் பிளக்கிலும் பெண் பிளக்கிலும் வரிசை இடவலம் மாறும். ஆகவே பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்தே பற்றவையுங்கள்.

பிளக்கின் மூடியை முதலிலேயே ஒயரில் கோத்துவிட வேண்டும். மறந்தால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதுதான். 25 வாட் சால்டரிங் அயர்ன் போதும். 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு காரீயமும் கலந்த ஈயக் கம்பி 190 டிகிரிக்குள் முழுதாக உருகிவிடும். ஈயத்தை அயர்னில் உருக்கி அப்பக் கூடாது. முனையைச் சூடாக்குங்கள்; அந்தச் சூட்டில் ஈயம் தானே உருகி ஓட வேண்டும். இரண்டு மூன்று விநாடிதான்; நீடித்தால் பிளாஸ்டிக் இளகும். ஆறும்வரை கம்பி அசையக் கூடாது. பளபளப்பாகச் சரிந்து படிந்தால் நல்ல பற்று. மங்கி உருண்டு நின்றால் மறுபடி சூடாக்குங்கள். தகர வேலைக்கான ஆசிட் வேண்டவே வேண்டாம், அது செம்பை அரிக்கும். புகை ஈயக் கம்பிக்குள் இருக்கும் குங்கிலியப் பசையிலிருந்து வருவது, மூச்சுக்கு ஆகாது. சன்னலைத் திறந்து வையுங்கள். காரீயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கடைசியில் மல்டிமீட்டர். 1-க்கு 1, 2-க்கு 2, 3-க்கு 3 மட்டுமே ‘பீப்’ வர வேண்டும். அப்போதே ஒயரைப் பிளக்கின் கழுத்தில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். சத்தம் விட்டுவிட்டு வந்தால் அந்த முனையை மறுபடி பற்றவைக்க வேண்டும்.