பத்து நாள் தண்ணீர்

வடகிழக்குப் பருவமழை வலுத்துவிட்டால் நெல்லைச் சீமையில் ஒரு வாக்கியம் தவறாமல் காதில் விழும்: "இத்தனை டி.எம்.சி. தண்ணி வீணாக் கடல்ல கலந்திருச்சு." ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, டீக்கடை, தொலைக்காட்சி எல்லாவற்றுக்கும் இதில் மட்டும் ஒரே குரல். மறுத்துப் பேசுகிறவன் ஒன்று சூழலியல் பித்தனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் புன்னக்காயல்காரனாக இருக்க வேண்டும்.

நான் மறுக்கிற கட்சி. ஆனால் மறுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. டீ வரட்டும், நிதானமாகச் சொல்கிறேன்.

தாமிரபரணி பொதிகையில் பிறந்து ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடி, புன்னக்காயலில் மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. வழியில் எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியான் முதலாவது, ஸ்ரீவைகுண்டம் கடைசி. அந்தக் கடைசி அணைக்கட்டைத் தாண்டி விழும் தண்ணீர்தான் 'வீண்' கணக்கில் ஏறுகிறது. அதற்குக் கீழே ஆத்தூர், முக்காணி, பழையகாயல், புன்னக்காயல் என்று ஊர்கள் இருப்பது அந்தக் கணக்கில் வருவதில்லை.

அந்த வீண் தண்ணீர் என்ன செய்கிறது? முதலில், மண் கொண்டுவருகிறது. பாண்டியர் துறைமுகமான கொற்கை ஒரு காலத்தில் கடற்கரை ஊர். இன்று அது கடலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே, வயலுக்கு நடுவில் இருக்கிறது. கப்பல் வர முடியாமல் கொற்கை தூர்ந்தபோது துறை பழையகாயலுக்கு நகர்ந்தது; மார்க்கோ போலோ 'காயில்' என்று எழுதியது அதைத்தான் என்பார்கள். பிறகு புன்னக்காயல், 16-ம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் தளம் போட்ட இடம். ஆற்று வண்டல் படியப் படியத் துறைமுகமே கடலைப் பின்தொடர்ந்து போயிருக்கிறது.

அடுத்தது மீன். வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். குஞ்சு முகத்துவாரத்துக்குள் வந்து, உப்பும் நன்னீரும் கலந்த தண்ணீரில், அலையாத்திச் செடிகளின் வேரடியில் வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போகும். நன்னீர் வராவிட்டால் அந்தக் கலவை இல்லை. புன்னக்காயல் வள்ளங்கள் ஆற்றுக்குள் நின்று, முகத்துவாரம் வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். ஆற்றில் வேகம் இல்லாத மாதங்களில் வாய்க்குள் மணல் ஏறும், வள்ளம் தரைதட்டும்.

மூன்றாவது உப்பு. ஆறு தள்ளாவிட்டால் கடல் தள்ளும். கிணறு உவர்க்கும். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கொடிக்காலுக்கு வேண்டியது நல்ல தண்ணீர்.

இதுவரை சொன்னது எளிது. பெரும்பாலான மாற்றுக் கருத்துக்காரர்கள் இங்கேயே கையைத் தட்டிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். ஊரே ஆமாம் என்கிற இடத்தில் இல்லை என்று சொல்வதில் ஒரு சுகம் உண்டு. தான் மட்டும் விழித்திருப்பது போல ஒரு மிதப்பு. அந்த மிதப்பில் எதிராளியின் வாக்கியத்தைக் கவிழ்த்துப் போட்டதே போதும் என்று தோன்றிவிடும். பெரிய அணைகளை நேரு கோவில் என்றார். இந்த மாற்றுக் கருத்துக்காரர் எல்லா அணையும் கல்லறை என்பார். மணிமுத்தாறு அணைத் தண்ணீரில் விளைந்த அரிசியைச் சாப்பிட்டுக்கொண்டேதான் சொல்வார்.

இப்போது தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு இணைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2009-ல் வேலை தொடங்கி, இழுத்து இழுத்து 2025 பிப்ரவரியில் திறந்தார்கள். தாமிரபரணியின் கன்னடியன் கால்வாயிலிருந்து எம்.எல். தேரி வரை சுமார் 75 கிலோமீட்டர் வெள்ளநீர்க் கால்வாய். சாத்தான்குளம், திசையன்விளை வறண்ட பூமிக்குத் தண்ணீர். ஆதரிப்பவர்கள் "இனி வெள்ளமும் வராது, வறட்சியும் வராது" என்றார்கள். எதிர்ப்பவர்கள் "முகத்துவாரம் செத்தது" என்றார்கள். இரண்டு பேரும் திட்ட அறிக்கையில் இருக்கும் எண்களைத் தொடவில்லை.

தொட்டுப் பார்ப்போம். உபரியாகக் கடலுக்குப் போவது ஆண்டுக்குச் சராசரியாக 13,758 மில்லியன் கன அடி. அதில் திருப்பிவிடத் திட்டமிட்டது 2,765. ஐந்தில் ஒரு பங்கு. கால்வாயின் கொள்ளளவு நொடிக்கு 3,200 கன அடி. ஒரு நாளுக்கு 86,400 நொடி. பெருக்கினால் நாளொன்றுக்குச் சுமார் 276 மில்லியன் கன அடி. ஆக, கால்வாய் நிரம்ப ஓடினால் பத்தே நாளில் அதன் பங்கு தீர்ந்துவிடும்.

இந்தப் பத்து நாள் இரண்டு கட்சிக்கும் இடைஞ்சல். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. புன்னக்காயல் துண்டிக்கப்பட்டது. ஆற்றில் நொடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் வந்தது. அதில் 3,200 என்பது நூற்றுக்குச் சுமார் மூன்றுதான். அந்த வெள்ளத்தைக் கால்வாய் தடுத்திருக்காது. அதே கணக்கில், நல்ல மழை பெய்த ஆண்டில் ஐந்தில் நாலு பங்கு கடலுக்கு வந்துகொண்டுதான் இருக்கும். முகத்துவாரம் அதனால் சாகாது.

தேரிப் பக்கத்து விவசாயி ஒருவர் என்னிடம் கேட்டதையும் சொல்ல வேண்டும். "கடலுக்குத் தண்ணி வேணும்ங்கிய, சரி. தேரிக்காட்டுக் கிணத்துக்கு வேண்டாமா தம்பி?" இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத மாற்றுக் கருத்தை நான் மதிப்பதில்லை, அது என்னுடையதாகவே இருந்தாலும். வேண்டும் அண்ணாச்சி என்றேன். எப்போது, எந்தத் தண்ணீரிலிருந்து என்பதுதான் பேச்சு.

நைல் நதியை என் கட்சிக்காரர்கள் அடிக்கடி சாட்சிக்கு அழைப்பார்கள். நல்ல சாட்சிதான். 1960-களின் நடுவில் அஸ்வான் உயர் அணை வெள்ளத்தை மறித்தது. எகிப்துக் கரையில் 1962-ல் சுமார் 18,000 டன் கிடைத்த சாளை மீன், சில ஆண்டுகளில் சில நூறு டன்னாகச் சுருங்கியது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. 1980-களின் பிற்பகுதியில் மீன்பிடிப்பு மறுபடி ஏறியது. வயல் உரமும் நகரக் கழிவுநீரும் கடலில் சேர்ந்து ஊட்டமானதே காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். பாதிக் கதையை மட்டும் சொல்லி விவாதத்தில் ஜெயிக்கலாம். மீதிக் கதை தெரிந்த ஒருவர் எதிரே வந்து உட்காரும் வரை.

முறையாக மறுத்தவர் என்று நான் காட்டுவது கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணுவை. ஸ்ரீவைகுண்டத்துக்காரர். தாமிரபரணியில் மணல் அள்ளுவது அரசு நடத்திய தொழில். கட்டடம் கட்டுகிற எல்லோருக்கும் அந்த மணல் வேண்டும். அதை எதிர்த்து அவர் மேடையோடு நிற்கவில்லை. உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போய்த் தானே வாதாடினார். 2010-ல் நீதிமன்றம் ஐந்தாண்டுக்கு மணல் அள்ளத் தடை விதித்தது. மனு என்று எழுதினால் எந்த ஆறு, எந்த இடம், என்ன சேதம், என்ன நிவாரணம் என்று கட்டம் கட்டிச் சொல்லியாக வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீல் ஒவ்வொரு வரியையும் உரசிப் பார்ப்பார். பேச்சில் தப்பித்துக்கொள்ளும் மிகை அங்கே நிற்காது.

அப்படிக் கட்டம் கட்டினால் என் மறுப்பு எவ்வளவு சிறுத்துப்போகிறது என்று பாருங்கள். கால்வாய் வேண்டாம் என்பது போய்விட்டது. வெள்ளக் காலத்து உபரியை எடுப்பதில் எனக்குத் தகராறு இல்லை. மழை பொய்த்த ஆண்டில்தான் தகராறு. 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்ததே, அது போன்ற ஆண்டில் உபரி என்று ஒன்றே இருக்காது. ஆனால் வெட்டிய கால்வாய் இருக்கும்; அதன் ஓரத்தில் ஓட்டும் இருக்கும். அப்போது மதகைத் திறக்கச் சொல்லி நெருக்குதல் வரும். கடைமடையில் இருப்பது சில மீனவ ஊர்களும் கொஞ்சம் கொடிக்காலும்தான். ஆகவே நான் கேட்பது இவ்வளவே: ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே இன்ன மாதத்தில் இத்தனை கன அடியாவது போயாக வேண்டும், அது போன பிறகே கன்னடியன் மதகிலிருந்து வெள்ளநீர்க் கால்வாய்க்குத் திருப்ப வேண்டும் என்று அரசாணையில் ஒரு வரி. அந்த எண் என்ன என்பதை இறால் பிடிக்கிறவரையும் வெற்றிலை பயிரிடுகிறவரையும் தேரிக்காட்டு அண்ணாச்சியையும் ஒரே அறையில் உட்கார வைத்து நீர்வளத் துறை முடிவுசெய்யட்டும். நான் நினைப்பதைவிடக் குறைவாக வந்தாலும் ஒப்புக்கொள்வேன்.