சீயக்காயும் ஸ்பாவும்

பெல்ஜியம் தேசத்தில் ஸ்பா என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கே பூமிக்குள்ளிருந்து ஊறிவரும் தாது நீர் நோய்களைத் தீர்க்கும் என்று நம்பி ஐரோப்பியப் பிரபுக்கள் நெடுங்காலம் போய் வந்தார்கள். ஊரின் பெயரே நாளடைவில் குளியல் சிகிச்சைக்குப் பொதுப் பெயராகிவிட்டது. இன்று நம் பட்டணங்களிலும் அந்தப் பெயர்ப் பலகையைத் தொங்கவிட்டு, மங்கலான விளக்கொளியில், ரோஜா இதழ் மிதக்கும் பாத்திரத்தில் காலை நனைத்து, தலைக்கு எண்ணெய் தேய்த்து அனுப்புகிறார்கள். வெளியே வரும்போது பணப்பையும் வெகுவாக இளைத்துவிடுகிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அங்கே நடப்பதில் பெரும்பகுதி நம் பாட்டிமார் செவ்வாயும் வெள்ளியும் கிணற்றடியில் நடத்திவந்த காரியந்தான். 'ஷாம்பூ' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஹிந்துஸ்தானியில் 'அமுக்கு, பிடித்துவிடு' என்று பொருள்படும் சொல்லிலிருந்து அது ஆங்கிலத்துக்குப் போயிற்று. அதை இங்கிலாந்தில் பிரபலப்படுத்தியவர், 1759-ல் பாட்னாவில் பிறந்த சேக் தீன் முகமது என்பவர். அவர் 1814-ல் பிரைட்டன் என்னும் கடற்கரை நகரில் குடியேறி, மூலிகை கலந்த நீராவிக் குளியலும் அங்கமர்த்தனமும் நடத்திப் புகழ் பெற்றார். நான்காம் ஜார்ஜ் மன்னருக்கே ஷாம்பூ வைத்தியராக நியமனம் பெற்றார். 1822-ல் அதைப் பற்றி ஒரு புத்தகமும் வெளியிட்டார். கப்பலேறிப் போன சொல் இப்போது புட்டியில் அடைபட்டுத் திரும்பி வந்திருக்கிறது.

சொல் போனதில் நமக்கு வருத்தமில்லை. அதோடு கூடச் சீயக்காயும் வீட்டை விட்டுப் போய்விடுகிறதே என்பதுதான் கவலை. வகுப்பில் மாணவிகளைக் கேட்டால், சீயக்காய்ப் பொட்டலத்தைப் பார்த்தவர்கள் பலர் இருக்கிறார்கள். காயைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் அபூர்வம். எந்தச் சரக்கு என்ன வேலை செய்கிறது என்று தெரிந்த வீட்டில் கடைக்காரர் ஏமாற்ற முடியாது. தெரியாத வீட்டில் 'மூலிகை' என்று அச்சடித்த காகிதமே போதும், எதையும் விற்றுவிடலாம்.

சீயக்காயில் 'சபோனின்' என்னும் பொருள் இருக்கிறது. நீரில் கரைத்தால் நுரைப்பதும், எண்ணெய்ப் பசையைப் பிடித்து நீரோடு இழுத்துச் செல்வதும் அதுதான். பூந்திக்கொட்டையிலும் அதுவே உண்டு. சாதாரண சோப்பு காரத்தன்மை உள்ளது. சீயக்காய்க் கரைசலோ சற்றுப் புளிப்புத்தன்மை உடையது. ஆகையால் சோப்பு போட்ட தலைமயிர் சொரசொரப்பாக நிற்கும்; சீயக்காய் தேய்த்தது படிந்து கிடக்கும். கொங்கு நாட்டுப் பக்கத்தில் உசில மரத்து இலையை உலர்த்திப் பொடித்த அரப்பைத்தான் பெரிதும் விரும்புவார்கள். அது இன்னும் சாது. செம்பருத்தி இலையையும் வெந்தயத்தையும் ஊறவைத்து அரைத்தால் வழவழவென்று வருகிறதல்லவா? அந்தக் கொழகொழப்பு அழுக்கை அவ்வளவாகப் போக்காது. மயிரிழைகளின் மேல் மெல்லிய பூச்சாகப் படிந்து சிக்கெடுக்க உதவும். ஆகவே சீயக்காயோடு இவற்றைச் சேர்த்த பாட்டியின் கணக்கு, ரஸாயன சாஸ்திரம் படித்தவர்களும் ஒப்புக்கொள்ளும் கணக்கே.

ஒரு கிலோ சீயக்காய்க்கு, கால் கிலோ பச்சைப் பயறு, நூறு கிராம் வெந்தயம், இரண்டு கைப்பிடி உலர்ந்த செம்பருத்தி இலை, நிழலில் காயவைத்த எலுமிச்சைத் தோல் கொஞ்சம் சேர்த்து அரைக்கலாம். காயை மொறமொறவென்று வெயிலில் காயவைக்காவிட்டால் அரைபடாது. மாவு மில்லில் இதற்கென்று தனி இயந்திரம் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு போவது நலம். இல்லையேல் அடுத்து அரைப்பவர் வீட்டு இட்லி கசக்கும். தும்மலுக்கு மட்டும் பரிகாரம் கிடையாது.

உடம்புக்கு நலங்கு மாவு. அரைக் கிலோ பச்சைப் பயறு, நூறு கிராம் உலர்ந்த ஆவாரம்பூ, நூறு கிராம் ரோஜா இதழ், ஐம்பது கிராம் வெட்டிவேர், பூலாங்கிழங்கும் கஸ்தூரி மஞ்சளும் வகைக்கு ஐம்பது. பயறுமாவுதான் இதில் உண்மையான வேலைக்காரன். எண்ணெய்ப் பசையை உறிஞ்சி, தோலை இலேசாகத் தேய்த்துக் கொடுப்பது அதுவே. மற்றவை பெரும்பாலும் வாசனைக்கும் நிறத்துக்கும் வந்த விருந்தாளிகள். விருந்தாளி இல்லாத வீடு சோபிக்காது என்பதும் வாஸ்தவம். கஸ்தூரி மஞ்சள் வாங்கும்போது மட்டும் ஜாக்கிரதை வேண்டும். அந்தப் பெயரில் வேறு காட்டுக் கிழங்கைக் கொடுத்துவிடுவது கடைகளில் சகஜம். உண்மையான கிழங்கு வெளிறியதாய், கற்பூர வாசனையுடன் இருக்கும். பளீரென்று மஞ்சளாக மின்னினால் சந்தேகப்படலாம். இந்த மாவு கறுப்பைச் சிவப்பாக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நம் தேசத்துத் தோல் நிறத்துக்கு மருந்து தேவையே இல்லை.

பூக்களைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். மல்லிகை மாலையில் விரிந்து இரவெல்லாம் மணத்துக் காலையில் களைத்துவிடும். காய்ந்தபின் அதில் ஒன்றுமில்லை. மகிழம்பூவோ காயக் காய மணக்கும். ஆகையால் மல்லிகையை அன்றைக்கே குளிக்கும் நீரில் போட வேண்டும். மகிழம்பூவைப் பொடியிலும் துணிப்பெட்டியிலும் போடலாம். வெட்டிவேர் நனைந்தால்தான் வாய் திறக்கும். கடலூர்ப் பக்கத்து மணற்பாங்கான நிலங்களில் விளையும் அந்த வேரில் ஒரு பிடியை முதல்நாள் இரவே தண்ணீரில் ஊறப்போட்டால், மறுநாள் தவலை நீர் முழுதும் மண்வாசனை கமழும். நாசியில் உணர்ந்த மணம், மூளையில் நினைவுக்கும் உணர்ச்சிக்கும் உரிய பகுதிகளுக்கு வெகு விரைவில் போய்ச் சேருகிறது. நறுமணம் மனத்தை இளக்குவதற்கு அது ஒரு காரணம். அதற்கு மேலே போய், இன்ன பூ இன்ன வியாதியைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்தால் நாம் சற்று விலகி நிற்பதே நல்லது.

எண்ணெய் முழுக்குக்கு நேரமில்லாத நாட்களில் கால்களுக்கு மட்டுமாவது ஓர் உபசாரம் செய்யலாம். பொறுக்கும் சூட்டில் நீர், ஒரு பிடி கல்லுப்பு, வெட்டிவேர், இரண்டு நொச்சிக் கொத்து. கால்மணி நேரம் போதும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் செய்தால் தூக்கம் சீக்கிரம் வருகிறது. சூட்டினால் பாதத்து இரத்தக் குழாய்கள் விரிகின்றன. அவற்றின் வழியே உடம்பின் உட்சூடு வெளியேறுகிறது. உட்சூடு தணியும்போதுதான் நித்திரை வருவது இயற்கை. நீரிழிவு உள்ள பெரியவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். அவர்கள் காலை வைக்குமுன் வேறொருவர் முழங்கையால் சூடு பார்த்துக் கொடுக்க வேண்டும்.

பழைய வழக்கம் என்பதற்காக எல்லாவற்றையும் தலைமேல் வைத்துக் கொண்டாட வேண்டியதில்லை. கைக்குழந்தையைக் குளிப்பாட்டும்போது மூக்கிலும் தொண்டையிலும் எண்ணெய் விட்டு ஊதும் பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதை இன்றே நிறுத்த வேண்டும். எண்ணெய் சுவாசப் பையில் இறங்கினால் அங்கேயே தங்கி, ஒருவகை நிமோனியாவை உண்டாக்கும், உயிருக்கே ஆபத்து. குழந்தைக்கு உடம்பில் எண்ணெய் போதும். சாம்பிராணிப் புகையும் அந்தப் பிஞ்சு நெஞ்சுக்கு ஆகாது. பெரியவர்களும் புதிதாக ஒரு பொடியை உபயோகிக்குமுன், முழங்கை மடிப்பில் சிறிது தடவி ஒரு நாள் பார்ப்பது நல்லது. இயற்கையில் விளைந்ததெல்லாம் எல்லார் தோலுக்கும் ஒத்துக்கொள்ளும் என்பது இல்லை. சேப்பங்கிழங்கைப் பச்சையாக அரிந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

ஒரு சாமானைப் பற்றி இதுவரை சொல்லவில்லை. அது எந்த நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்காது. வீட்டில் எல்லாருக்கும் எண்ணெய் தேய்த்து, எல்லாருக்கும் வெந்நீர் விளாவிக் கொடுத்து, கடைசியில் ஆறிய தண்ணீரில் அவசரமாக நாலு சொம்பு ஊற்றிக்கொண்டு அடுப்படிக்கு ஓடுகிறாளே, அந்த அம்மாளுக்கு ஒரு மணி நேரம் வேண்டும். ஸ்பாவில் உண்மையில் விலைக்கு விற்பது அந்த ஒரு மணி நேரத்தைத்தான். நல்லெண்ணெயில் நாலு மிளகும் சிட்டிகை சீரகமும் போட்டுக் காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆறவிட்டு, அவள் உச்சந்தலையில் வைத்துத் தேய்ப்பதற்கு மகளோ மகனோ கணவரோ யார் முன்வந்தாலும் சரி. அன்றைக்கு ரசமும் துவையலும் மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எண்ணெய் சிந்திய தரையை உடனே சீயக்காய் போட்டுக் கழுவிவிடவும், வழுக்கும்.