மேல் ஸ்தானமும் மேலான நோக்கமும்

கீழ்ச் சபையில் இருப்பவர் மேல் சபையில் இடம் நாடுவது குற்றமன்று. எதன் பொருட்டு நாடுகிறார், கிடைக்காதபோது எவ்வாறு நடந்துகொள்கிறார் என்பவற்றைக் கொண்டே நாம் அவரை அளத்தல் வேண்டும். ஆரம்பச் சங்கத்தின் பொதுச்சபை முதல் நாட்டின் சட்டசபை வரை இது பொருந்தும். இதற்குச் சான்றாக, அமெரிக்காவில் ராஜ்ய சட்டசபை அங்கத்தினராயிருந்து உயர்ந்த ஆபிரகாம் லிங்கனின் வரலாற்றை இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

லிங்கன் 1809-இல் எளிய குடியானவர் குடும்பத்தில் பிறந்தார். 1832-இல் இல்லினாய் ராஜ்ய சட்டசபைக்கு நின்று தோற்றார். 1834 முதல் தொடர்ந்து நான்கு முறை வென்றார். 1847 முதல் 1849 வரை காங்கிரஸின் பிரதிநிதிகள் சபையில் இருந்த பின், வக்கீல் தொழிலுக்குத் திரும்பினார்.

தென் ராஜ்யங்களின் பருத்தி வயல்களில் கறுப்பு மக்கள் இலட்சக்கணக்கில் அடிமைகளாக உழைத்து வந்த காலம் அது. அம்முறை நுழையலாகாதென விலக்கப்பட்டிருந்த பிரதேசங்களிலும், குடியேறுவோரே அதைப்பற்றித் தீர்மானிக்கலாம் என்று 1854-இல் ஒரு சட்டம் பிறந்தது. அக்கொடுமை பரவாமல் தடுக்கவே லிங்கன் மீண்டும் அரசியலில் இறங்கினார்.

அந்நாளில் செனட் அங்கத்தினரை ராஜ்ய சட்டசபையே தேர்ந்தெடுத்தது. 1913-இல் ஏற்பட்ட அரசியல் சட்டத் திருத்தத்திற்குப் பின்னரே அவ்வுரிமை நாடெங்கும் பொதுமக்களுக்கு வந்தது. 1854 நவம்பரில் லிங்கன் மறுபடியும் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் சட்டசபை அங்கத்தினர் எவரையும் செனட்டுக்கு அனுப்ப இல்லினாய் அரசியல் சட்டம் இடந்தரவில்லை. ஆகவே அவர் அந்த ஸ்தானத்தை ராஜிநாமாச் செய்தார். உப தேர்தலில் அது எதிர்க்கட்சி வசமாயிற்று. மேல் பதவி நாடுவோர் கையிலுள்ள இடத்தை விடும்போது, நஷ்டம் அவரைத் தேர்ந்தெடுத்தவர்களையும் சாரும் என்பதை நாம் மறக்கலாகாது.

1855 பிப்ரவரி 8-ஆம் தேதி வாக்கெடுப்பு நடந்தது. முதல் சுற்றில் லிங்கனுக்கு 44 வாக்குகளும், எதிர்த்தரப்பின் ஷீல்ட்ஸுக்கு 41 வாக்குகளும், லைமன் டிரம்பலுக்கு 5 வாக்குகளும் விழுந்தன. டிரம்பலும் அப்புதிய சட்டத்தை எதிர்த்தவரே. எனினும் ஜனநாயகக் கட்சியினரான அவருடைய ஆதரவாளர் ஐவரும், விக் கட்சியினரான லிங்கனுக்கு வாக்களிக்க இணங்கவில்லை. சுற்றுகள் நீண்டன. எதிர்த்தரப்பார் ஷீல்ட்ஸை விட்டுக் கவர்னர் மாட்டிசனை நிறுத்தினர். அவர் வெற்றியை நெருங்கினார். அப்போது லிங்கன், தம்மிடம் எஞ்சியிருந்தோரை டிரம்பலுக்கு வாக்களிக்கும்படி சொன்னார். பத்தாம் சுற்றில் டிரம்பல் 51 வாக்குகள் பெற்று வென்றார். 44 பேரின் அபேட்சகர் 5 பேரின் அபேட்சகருக்கு வழிவிட்டார்.

1858-இல் லிங்கன் மீண்டும் முயன்று, டக்ளஸிடம் 46-க்கு 54 என்ற கணக்கில் தோற்றார். ஆனால் அன்று வழிவிட்டது வீண்போகவில்லை. இணங்காத ஐவருள் ஒருவராகிய நார்மன் ஜட் என்பவரே, 1860-இல் குடியரசுக் கட்சி மகாநாட்டில் லிங்கனை ஜனாதிபதி அபேட்சகராகப் பிரேரேபித்தார். லிங்கன் அவ்வாண்டே ஜனாதிபதித் தேர்தலில் வென்றார். டிரம்பலோ செனட்டின் நீதிக் குழுத் தலைவராக இருந்து, அடிமை முறையை ஒழித்த 13-ஆவது திருத்தத்தைச் சபை முன் கொணர்ந்தார். 1865-இல் அது சட்டமாயிற்று.

நம் சங்கங்களிலும் தேர்தல் வரும். மேலிடம் நாடி வரும் அபேட்சகரிடம் அங்கத்தினர்கள் இரண்டு வினாக்களைக் கேட்கலாம். அவ்விடம் எதற்காக? அக்காரியத்தை வேறொருவர் செய்து முடிக்கக்கூடுமாயின், தாங்கள் அவருக்கு உதவுவீர்களா? இரண்டாவதற்கு அவர் தரும் விடையே நமக்கு வழிகாட்டும்.