பழையபடி என்றால் எந்த நாள்?

யுத்தம் முடிந்ததும் எல்லைகளையும் காணிகளையும் முந்தி இருந்தபடியே ஆக்குவது உலகத்தில் பழைய வழக்கம். 1802இல் அமியன்ஸ் உடன்படிக்கையில் ஒல்லாந்தரிடம் பிடித்த நாடுகளைப் பிரித்தானியா திருப்பிக் கொடுத்தது, இலங்கையைத் தவிர. அதையும் கொடுத்திருந்தால் எங்கட ஹட்டன் மலைகளில் தேயிலை ஏறியிருக்குமோ என்னவோ.

எங்கட சமூகத்துக்கு இந்தப் பேச்சு 1990 ஒக்டோபரோடு சேர்ந்தது. வடக்கிலிருந்து புலிகள் விரட்டிய சுமார் 75,000 முஸ்லிம்களில் என் மச்சானும் ஒருவர். எருக்கலம்பிட்டியை விட்டுப் புத்தளம் போனார். 2009க்குப் பிறகு திரும்பினால் காணியில் வேறு ஆட்கள். நம் நாட்டுச் சட்டப்படி, பிறர் காணியைத் தனதென்று பத்து வருடம் தடையின்றி ஆண்டவர் ஆட்சியுரிமை கேட்கலாம். அப்படிப் பார்த்தால் விரட்டப்பட்டவன் கதி என்ன? அதற்காக வந்ததுதான் 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம். 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுதக் குழுக்களின் நடவடிக்கையால் வழக்குப் போட முடியாமல் போனவருக்கு எதிராக அந்த வருடங்களைக் கணக்கில் எடுக்கக் கூடாது. நியாயமான சட்டம். மச்சானுக்காக நானே அதை வரி வரியாக வாசித்தேன்.

போன வருடம் கடைக்கு ஓர் அம்மா வந்தார். வாப்பா காலத்துக் கடன் கொப்பியில் அவர் தகப்பன் பெயர் இருக்கிறது. 1977 கலவரத்தில் லயத்தை விட்டு ஓடி, கிளிநொச்சியில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். இப்போது வெளிநாட்டிலிருந்து காணிக்காரர் உறுதியோடு வந்திருக்கிறாராம். முப்பது வருடத்துக்கு மேல் இருந்தோமே என்றால், அதே 2016ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டுகிறார்கள்.

"மொதலாளி, பழையபடி ஆக்குறதுன்னா எங்கள எங்க கொண்டுபோய் விடுவாங்க?" என்று கேட்டார்.

லயக் காம்பரா அன்றும் தோட்டத்துடையது, இன்றும் அப்படித்தான். 1977இல் அந்தக் குடும்பத்துக்குப் பிரஜாவுரிமையும் இல்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்ததில் மிச்சமிருந்தவர்களுக்கு 2003இல்தான் முழுதாகக் கிடைத்தது. அந்த அம்மாவுக்குப் பழைய நிலை என்றால் நாடில்லாத நிலை. சட்டம் எண்ணத் தொடங்குவதோ 1983 மேயிலிருந்து. 1977 அதில் இல்லவே இல்லை. இருந்தாலும் பயனில்லை, மீட்டெடுக்க அவர்களிடம் உறுதி எங்கே?

உறுதியுள்ளவருக்குக் காணியைக் கொடுக்கும்போதே, எழும்ப வேண்டியவருக்கு மாற்றுக் காணி கொடுக்கவும் அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவு வைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். மச்சானிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "என்ட காணியில இருந்தவங்களும் எங்கயோ இருந்து ஓடி வந்தவங்கதான்" என்றார்.