உங்களுக்குத் தெரியுமா? பெரம்பலூரில் ஒரு பழைய கடலடி

வண்ணப் பாலைநிலம் பார்க்க ராஜஸ்தான் வரை போக வேண்டாம். உக்கடத்துக்காரர்கள் சிங்காநல்லூரில் திருச்சி பஸ் பிடித்து, அங்கிருந்து பெரம்பலூர் பக்கம் திரும்பினால் போதும்.

காரை கிராமத்தருகே செம்மையும் சாம்பலுமாகக் களிமண் மேடுகள். நடுநடுவே ஜிப்சம் வெயிலில் மின்னும். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இது கடலடி. சுருள் ஓடுகொண்ட அம்மோனைட்டுகளும், துப்பாக்கித் தோட்டா போன்ற பெலம்னைட்டுகளும் இங்கே புதைபடிவங்களாகக் கிடைத்துள்ளன. இரண்டுமே நம் மீன் சந்தைக் கணவாய்க்குத் தூரத்துச் சொந்தம்!

பக்கத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் இருக்கிறது. 1940இல் புவியியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டறிந்தது. கடலில் அடித்துவரப்பட்டு, வண்டலில் புதைந்து கல்லான மரம் அது.

பார்க்கப் பாலைவனம், ஆனால் காரை மேடுகளைச் செதுக்கியது மழைநீர்தான். மழைக்காலத்தில் போனால் களிமண் வழுக்கிவிடும்.