ஜெனீவாவில் நடராஜா சர்வீஸ்

அணுசக்தி நகரில் அடுத்தடுத்த கட்டடங்களில் முப்பது ஆண்டுகள் குடியிருந்த நண்பர்கள் நாங்கள் மூவர். ஒருவர் நெல்லைக்காரர். இன்னொருவர் தஞ்சாவூர்க்காரர். நான் செம்பூரிலேயே வளர்ந்தவன். பணி ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஆளுக்கொரு திசையில் பிரிந்தோம். சேடா நகர் முருகன் கோயிலில் கிருத்திகை தோறும் சந்திப்பதோடு சரி.

சென்ற ஆண்டு ஜூன் மாதம் மூவரும் சேர்ந்து சுவிட்சர்லாந்து நாட்டிலுள்ள ஜெனீவா நகருக்குப் போய் வந்தோம். தஞ்சாவூர்க்காரரின் மகள் அங்கே 'செர்ன்' என்னும் அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்க்கிறாள். நண்பர்கள் இருவரும் ஊர் பார்க்கப் புறப்பட்டார்கள். எனக்கு மட்டும் ஒரு பழைய கடன் இருந்தது.

அப்பாவின் அட்லஸ்

1966ஆம் ஆண்டு ஜனவரி 24. அப்போது எனக்கு எட்டு வயது. செம்பூரில் ஒரு சாலில் குடியிருந்தோம். அப்பா டிராம்பேயில் ஃபிட்டர். அன்று இரவு வீடு திரும்பியவர் சாப்பிடவில்லை. டாக்டர் ஹோமி பாபா சென்ற 'கஞ்சன்ஜங்கா' என்ற ஏர் இந்தியா விமானம், ஜெனீவாவில் இறங்க வேண்டிய நேரத்தில் மான்ட் பிளாங்க் மலையில் மோதிவிட்டது. விமானத்தில் இருந்த 117 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

அப்பா என் பள்ளிக்கூட அட்லஸை விரித்து, அந்த மலையை விரலால் தேடியது இன்றும் கண்ணில் நிற்கிறது. "நம்ம டைரக்டர் விழுந்த மலையை நீயாவது ஒரு நாள் பார்த்துட்டு வாடா" என்று பிற்காலத்தில் பல முறை சொன்னார். அவர் காலமாகி இருபது ஆண்டுகள் ஆகின்றன.

"மாமா, ஜெனீவாவிலிருந்தே அந்த மலை தெரியும். ஆனால் மேகம் விலக வேண்டும்" என்றாள் நண்பரின் மகள். எங்களுக்கு இருந்தது மூன்றே நாட்கள்.

முதல் நாள்: நடை

"டிராமில் ஏறினால் ஊர் ஓடிவிடும். நடந்து பாருங்கள்" என்பது அவள் கட்டளை. ஆகவே முதல் நாள் முழுதும் நடராஜா சர்வீஸ்தான்!

லேமான் ஏரியிலிருந்து ரோன் நதி புறப்படும் இடத்தில் அமைந்தது இந்நகரம். ஏரிக்குள்ளிருந்து 140 மீட்டர் உயரத்துக்கு நீரூற்று ஒன்று பீறிட்டு எழுகிறது. வினாடிக்கு 500 லிட்டர் தண்ணீர்! இது அழகுக்காகப் பிறந்ததல்ல. 1886இல், தொழிற்கூடங்களுக்கு நீரின் அழுத்தத்தால் விசை கொடுத்து வந்தார்கள். மாலையில் இயந்திரங்கள் நின்றதும் குழாயில் அழுத்தம் ஏறிவிடாதிருக்க வைத்த வால்வு இது. ஊராருக்குப் பிடித்துப் போகவே, 1891இல் ஏரிக்கு மாற்றிக் காட்சிப்பொருளாக்கினார்கள். வால்வோடும் குழாயோடும் வாழ்நாளைக் கழித்த எங்களுக்கு இந்தக் கதை இனித்தது.

சாலையைக் கடப்பதில்தான் வேடிக்கை. வரிக்கோட்டில் கால் வைத்ததும் கார்கள் நின்றுவிடுகின்றன. கார் போகட்டுமென்று நாங்கள் நிற்க, நாங்கள் போகட்டுமென்று கார் நிற்க, இப்படியே அரை நிமிடம்! "போவும்வே, இது சயான்-டிராம்பே ரோடு இல்ல" என்று நெல்லைக்காரர் என்னைத் தள்ளினார்.

மேட்டின் மேலுள்ள பழைய நகரில் கல் பாவிய சந்துகள். தத்துவ ஞானி ரூசோ 1712இல் பிறந்தது இங்கேதான். அருகே சுமார் 120 மீட்டர் நீள மர பெஞ்சு ஒன்று. அங்குள்ள ஒரு மரம் முதல் துளிர் விடும் நாளை, 1818 முதல் ஆண்டுதோறும் குறித்து வைக்கிறார்கள். அன்றுதான் ஊருக்கு வசந்தம் பிறந்ததாகக் கணக்கு. கீழே பூங்காவில் ஆளுயரப் பலகையாகத் தரையிலேயே சதுரங்கம் வரைந்து, இடுப்பளவுக் காய்களைத் தூக்கி வைத்து ஆடுகிறார்கள். தஞ்சாவூர்க்காரர் ஓர் ஆட்டம் ஆடி, தோற்று, கைகுலுக்கிவிட்டு வந்தார்.

மலை? தென்கிழக்கே வெண்மேகம் மட்டுமே தெரிந்தது.

இரண்டாம் நாள்: சைக்கிள்

மறுநாள் மூன்று சைக்கிள்களை வாடகைக்கு எடுத்தோம். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு பெடலில் கால் வைக்கிறோம். அங்கே வலப்பக்கமாகப் போக வேண்டும். முதல் திருப்பத்திலேயே நான் இடப்பக்கம் திரும்பி, எதிரே வந்த பெண்மணியிடம் மன்னிப்புக் கேட்டேன். சாலை ஓரத்தில் மஞ்சள் கோடு போட்டு சைக்கிளுக்கென்று தனி வழி விட்டிருப்பதால் பயம் சீக்கிரம் தெளிந்தது.

முதலில் ஐ.நா. மன்றத்தின் மாளிகை. பாஸ்போர்ட்டைக் காட்டி உள்ளே போனோம். தோட்டத்தில் மயில்கள் உலாவுகின்றன. 1955 ஆகஸ்டில் அணுசக்தியை ஆக்க வேலைக்குப் பயன்படுத்துவது பற்றிய உலக மாநாடு இங்கே நடந்தபோது, தலைமை வகித்தவர் நமது பாபாதான். அமெரிக்கர்கள் இந்தத் தோட்டத்திலேயே நீச்சல் குளம் போன்ற ஒரு சிறு அணு உலையை அமைத்துக் காட்டினார்கள். மறு ஆண்டே, 1956 ஆகஸ்ட் 4 அன்று, டிராம்பேயில் அதே குள வகையைச் சேர்ந்த 'அப்சரா' இயங்கத் தொடங்கியது. அதன் நீல ஒளியை ஒரு முறை பார்த்ததை அப்பா நூறு முறை சொல்லியிருப்பார்!

அங்கிருந்து செர்ன். ஐரோப்பிய நாடுகள் 1954இல் கூடி அமைத்த நிலையம் இது. பூமிக்கடியில் சுமார் 100 மீட்டர் ஆழத்தில், 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையச் சுரங்கம். அதிலுள்ள ராட்சதக் காந்தங்களைத் தாங்கும் ஜாக்கிகள் 7,000க்கும் மேல் இந்தியாவிலிருந்து போனவை.

நண்பரின் மகள் அனுமதி பெற்று எங்களை உள்ளே அழைத்துப் போனாள். கட்டடங்களுக்கு நடுவே சுமார் 2 மீட்டர் உயரத்தில் நடராஜர் ஆடிக்கொண்டிருக்கிறார். 2004 ஜூன் 18 அன்று திறந்து வைக்கப்பட்ட இந்தச் சிலை, இந்திய அரசின் அன்பளிப்பு. தஞ்சாவூர்க்காரர் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். "நடராஜா சர்வீஸ்ல வர வேண்டிய இடத்துக்கு சைக்கிள்ல வந்துட்டோமேவே" என்றார் நெல்லைக்காரர்.

திரும்பும்போது வானத்தைப் பார்த்தேன். மேகம் அசையவில்லை.

மூன்றாம் நாள்: இரு நதிகள்

கடைசி நாளும் மலை முகம் காட்டவில்லை. நான் பேச்சில்லாமல் இருந்ததைப் பார்த்த தஞ்சாவூர்க்காரர், "ரோன் கரையோடு ஓட்டிக்கொண்டே போவோம் ஓய், சாலை முடிகிற இடம் வரைக்கும்" என்றார்.

சாலை முடிந்த இடத்தில் இரண்டு நதிகள் கூடின. ஒரு பக்கம் பச்சையும் நீலமுமாகக் கண்ணாடி போன்ற ரோன். மறு பக்கம் சுண்ணாம்பு கரைத்தாற்போல் சாம்பல் நிறத்தில் ஆர்வ் நதி. இரண்டும் உடனே கலப்பதில்லை. நடுவே கோடு கிழித்தாற்போல் நெடுந்தூரம் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. பவானி கூடுதுறை நினைவுக்கு வந்தது.

"ஒன்று மட்டும் ஏன் கலங்கி வருகிறது?" என்று மகளைத் தொலைபேசியில் கேட்டார் நண்பர். அவள் சொன்ன பதில் என்னை உட்கார வைத்துவிட்டது. "அப்பா, அது மான்ட் பிளாங்க் தண்ணீர். பனியாறுகள் மலையை அரைத்துக் கொண்டு வரும் பொடிதான் அந்த நிறம்."

அந்த விமானத்தின் சிதறல்களை இன்றும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் போஸோன் பனியாறும் உருகி இந்த நதியில்தான் சேருகிறது. 1966 ஜனவரி மாதத்து இந்தியச் செய்தித்தாள்கள்கூட, 2020இல் அந்தப் பனியிலிருந்து வெளிப்பட்டன. பாபா வந்து சேராத ஜெனீவாவுக்கு, அவர் விழுந்த மலை தண்ணீராக இறங்கி தினமும் வந்துகொண்டிருக்கிறது!

கரையில் இறங்கிக் கையை நனைத்தேன். கோடையிலும் விரல் விறைத்தது. நண்பர்கள் இருவரும் சைக்கிள்களைப் பிடித்தபடி மேலேயே நின்றார்கள். யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை.

ஊர் திரும்பியதும் அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்று சொன்னேன்: "மலையைப் பார்க்கவில்லை அப்பா. ஆனால் தொட்டுவிட்டு வந்தேன்."

டிராமில் போயிருந்தால் அந்தக் கரை எங்கள் கண்ணில் பட்டிருக்காது.