தட்டாமாலையும் மூளைத்தண்டும்

தட்டாமாலை சுற்றி ஓய்ந்த குழந்தை, கால்கள் நின்ற பிறகும் திண்ணையும் தூணும் தன்னைச் சுற்றி ஓடுவதாகச் சொல்லிச் சிரிக்கும்போது பொய் சொல்லவில்லை. அதன் செவிக்குள் ஒன்று மெய்யாகவே இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

கேட்பது ஒன்றே காதின் தொழில் என்று நாம் எண்ணியிருந்தாலும், உட்செவியில் கேள்வியோடு யாதொரு சம்பந்தமுமில்லாத மூன்று அரைவட்டக் குழல்கள், ஒன்றுக்கொன்று ஏறக்குறையச் செங்கோணமாக அமைந்திருக்கின்றன. தலை திரும்பத் தொடங்கும்போது, அவற்றில் நிறைந்துள்ள திரவம் கூடவே திரும்பாமல் சற்றுப் பின்தங்கி, அங்குள்ள நுண்மயிர்களைச் சாய்க்க, அச்செய்தி நரம்பின் வழியே மூளைத்தண்டை அடைகிறது. சுழற்சி நீடிக்கையில் அதன் வேகத்தை எட்டிப் பிடித்துவிடும் அத்திரவம், உடல் நின்ற பின்னும் தான் நில்லாமல் ஓடுவதே தட்டாமாலைக் கிறுகிறுப்பின் ரகசியம்.

பெருமூளைக்கும் தண்டுவடத்துக்கும் நடுவே காம்புபோல் நின்று, சுவாசத்தையும் இருதயத்தையும் நாம் உறங்கும்போதும் பரிபாலிக்கிற மூளைத்தண்டு, செவியின் செய்தி கிடைத்ததும், ஏறக்குறைய ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள், தலை சென்ற திசைக்கு எதிராகக் கண்களைத் திருப்பிப் பார்வையை ஸ்திரமாக நிறுத்துகிறது. இதைப் பிரத்தியட்சமாகக் காண வேண்டுமானால், இந்தப் பத்திரிகையை இடமும் வலமும் விரைந்து ஆட்டிப் பாருங்கள், எழுத்துக்கள் குழம்பும். பத்திரிகையை அசையாமல் பிடித்துக்கொண்டு அதே வேகத்தில் தலையை ஆட்டினாலோ, அவை தெளிவாகவே தெரியும்.

வியன்னா நகரத்துச் செவி வைத்தியர் ராபர்ட் பாரானி, நோயாளிகளின் காதைக் குளிர்ந்த நீரால் கழுவும்போது அவர்களுக்குத் தலை சுற்றிக் கண்கள் ஒருபுறமாகத் துடிப்பதையும், நீர் மிகுந்த சூடாயிருந்தால் அதே துடிப்பு மறுபுறமாக மாறுவதையும் கண்டு, தவலையில் காய்கிற நீர் மேலெழுவதுபோலக் குழலின் திரவமும் சூட்டால் எழுந்து குளிர்ச்சியால் தாழ்கிறது என்று ஊகித்தார். செவியின் இவ்வுறுப்பைப் பற்றிய ஆராய்ச்சிகளுக்காக 1914ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசு அவருக்கு என்ற செய்தி வந்தபோது, அவர் ருஷ்யாவில் யுத்தக் கைதி. 1916இல் விடுதலையான பிறகே அதை நேரில் பெற முடிந்தது.

காதில் நீர் செலுத்திக் கண்களைக் கவனிக்கும் அந்தப் பரீட்சை இன்றும் வழக்கொழியவில்லை. நினைவிழந்து செயற்கைச் சுவாசத்தில் கிடக்கும் ஒருவரின் மூளைத்தண்டு இறந்துவிட்டதா என்று நிச்சயிக்க வேண்டிய வைத்தியர்கள், வேறு பல சோதனைகளோடு, பனிநீரைக் காதில் செலுத்திக் கண்களையும் கவனிக்கிறார்கள். மூளைத்தண்டு ஜீவித்திருந்து, செவியிலிருந்து அதற்கு வரும் பாதையும் பழுதுபடாதிருந்தால், கண்கள் மெல்ல அந்தக் காதின் பக்கம் திரும்பும். அது இறந்திருந்தால், அசையாமலே நிற்கும்.